கடிகாரம் கணினியைத் திறக்கட்டும், கைபேசியைத் திறக்க வேண்டாம்

மடிக்கணினியின் மூடியைத் தூக்குகிறோம். விரல் விசைப்பலகையைத் தொடுவதற்குள் மணிக்கட்டில் மெல்லிய ஓர் அதிர்வு. திரை திறந்துவிட்டது. கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யவில்லை, கைரேகை வைக்கவில்லை. கையில் கட்டியிருந்த ஆப்பிள் வாட்ச் நமக்காகச் சாட்சி சொல்லி மேக் கணினியைத் திறந்து கொடுத்திருக்கிறது. 2016இல் மேக்கின் இயங்குதளப் பதிப்பான மேக்ஓ.எஸ். சியராவுடன் வந்த இந்த வசதி இன்று பலருக்குப் பழகிப்போன ஒன்று. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 2014இல் வெளியான லாலிபாப் பதிப்பிலேயே, நம்பகமான புளூடூத் சாதனம் அருகில் இருந்தால் பூட்டுத் திரையைத் தவிர்க்கும் ஏற்பாடு இருந்தது. விண்டோஸ் கணினியோ கைபேசி விலகிப்போனால் தானாகப் பூட்டிக்கொள்ளும்.

ஒரு கைபேசி, ஒரு கடிகாரம், ஒரு மடிக்கணினி, ஒரு ஜோடி காதொலிப்பான் ஆகியவற்றை வைத்திருக்கும் ஒருவர், இவற்றுள் எது எதைத் திறக்கலாம் என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. பெரும்பாலோர் முடிவு செய்வதில்லை. சாதனத்தை முதன்முதலில் அமைக்கும்போது எதிர்ப்படும் கேள்விக்குச் ‘சரி’ என்று தட்டிவிட்டு மறந்துவிடுகிறோம்.

வசதி வேண்டுமென்றால் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்லப்படுவதை நான் முழுதாக ஏற்கவில்லை. ஐபோன் பயனர் ஒருவர் சராசரியாக நாளொன்றுக்கு 80 முறை கைபேசியைத் திறக்கிறார் என்று 2016இல் ஆப்பிள் நிறுவனமே கூறியது. எண்பது முறையும் ஆறு இலக்க எண்ணை அழுத்த வேண்டுமென்றால், நெரிசலான பேருந்திலும் தேநீர்க் கடை வாசலிலும் பக்கத்தில் நிற்பவர் அந்த எண்ணைப் பார்த்து மனப்பாடம் செய்துகொள்ள எண்பது வாய்ப்புகள் கிடைக்கின்றன. அழுத்தி அழுத்திச் சலித்தவர் 1234 என்று மாற்றிக்கொள்கிறார், அல்லது திரை தானாகப் பூட்டிக்கொள்ளும் நேரத்தை அரை மணியாக நீட்டிவிடுகிறார். திறப்பது எளிதாக இருந்தால்தான் நீளமான கடவுச்சொல்லையும் உடனடிப் பூட்டையும் ஒருவர் பொறுத்துக்கொள்வார். ஆகவே ஒவ்வொரு தெரிவையும், அது இல்லாவிட்டால் அந்த மனிதர் நடைமுறையில் என்ன செய்வார் என்பதோடுதான் ஒப்பிட வேண்டும்.

அப்படி ஒப்பிடும்போது நான் பார்க்கும் அளவுகோல் ஒன்று உண்டு. அந்தக் காலத்து வீடுகளில் பாட்டிமார் இடுப்பில் சாவிக்கொத்தைச் செருகியிருப்பார்கள். பாட்டி அலமாரியைக் கடந்து போனதற்காக அலமாரி திறந்துகொண்டதில்லை. அவர் சாவியை எடுத்து நுழைத்துத் திருப்ப வேண்டும். சாவி அவரிடம் இருக்கிறது என்பது ஒன்று, அவர் இப்போது திறக்க விரும்புகிறார் என்பது வேறொன்று. தானியங்கித் திறப்பு இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. பாட்டி திண்ணையில் கண்ணயர்ந்திருக்கும்போது பேரன் அலமாரியைத் தொட்டதுமே அது திறந்துகொண்டால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், நாம் எதை ஒப்புக்கொண்டிருக்கிறோம் என்பது விளங்கும்.

இதற்கு அடுத்து வருவது, ‘அருகில்’ என்பதைச் சாதனம் எப்படி அறிகிறது என்ற கேள்வி. மலிவான வழி, புளூடூத் இணைப்பு இருக்கிறதா, அதன் அலைவலிமை எவ்வளவு என்று பார்ப்பது. ஆனால் அலையை ஏமாற்றுவது கடினமல்ல. ஒருவர் உங்கள் அருகில் ஒரு கருவியோடு நிற்க, இன்னொருவர் உங்கள் பொருளின் அருகில் மற்றொரு கருவியோடு நிற்க, இருவரும் நடுவில் அலையை அப்படியே கடத்திக் கொடுத்தால், தொலைவில் இருக்கும் சாவி பக்கத்தில் இருப்பதாகப் பூட்டு நம்பிவிடும். இதில் மறைகுறியீட்டை உடைக்க வேண்டிய தேவையே இல்லை. சூரிச்சில் உள்ள ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் எட்டு நிறுவனங்களின் பத்துக் கார் வகைகளைச் சாவியின்றி இவ்விதமாகத் திறந்து காட்டினார்கள். 2022 மே மாதத்தில் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான என்.சி.சி. குழுமத்தின் ஆய்வாளர் ஒருவர், கைபேசியையே சாவியாகக் கொண்ட டெஸ்லா மாடல் 3 காரைப் புளூடூத் அலையைக் கடத்தித் திறந்து காட்டினார்.

ஆப்பிள் வாட்ச் மேக்கைத் திறக்கும் முறை இந்த இடத்தில் வேறுபடுகிறது. முதல் தொடர்பு புளூடூத் வழியாகவே நடக்கிறது என்றாலும், தூரத்தை அளப்பது இரண்டுக்கும் நடுவே நேரடியாக ஏற்படும் வைஃபை அலையின் பயண நேரம். ரேடியோ அலை ஒரு நானோ நொடியில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் கடக்கும். மூன்று மீட்டருக்குப் பத்து நானோ நொடி. நடுவில் யார் நின்று கடத்தினாலும் அந்த நேரத்தைக் கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது. அலைவலிமையைப் பெருக்கிக் காட்டிவிடலாம், ஒளியின் வேகத்தைப் பெருக்க முடியாது என்பதால், கடத்தல் தாக்குதலுக்கு எதிராக இது உறுதியான அடித்தளம். இன்னொரு காப்பும் இருக்கிறது. கடிகாரம் தோலைத் தொட்டிருக்கிறதா என்பதை அதன் அடிப்புற உணரிகள் பார்க்கின்றன. கழற்றினால் அது பூட்டிக்கொள்ளும், மறுபடி கட்டினால் எண்ணைக் கேட்கும். கணினியை மறுதொடக்கம் செய்தால் முதல் முறை கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்தே ஆக வேண்டும். ஒவ்வொரு திறப்பின்போதும் மணிக்கட்டு அதிர்வதும் சிறிய விஷயமல்ல, ஏனெனில் நீங்கள் அடுப்படியில் நிற்கும்போது கை அதிர்ந்தால் கூடத்தில் யாரோ கணினியைத் தொட்டிருக்கிறார் என்று உடனே தெரிந்துவிடும்.

ஆனால் தூரத்தைத் துல்லியமாக அளந்தாலும் விருப்பத்தை அளந்ததாகாது. இரண்டு மூன்று மீட்டர் என்பது நம் ஊர் அடுக்குமாடி வீட்டில் ஓர் அறையின் அகலம். அலுவலகத்தில் மூன்று இருக்கைகள். வியப்பு என்னவென்றால், இந்த வேறுபாட்டை அந்தக் கடிகாரமே அறிந்திருக்கிறது. 2019இல் வந்த மேக்ஓ.எஸ். கேட்டலினா முதல், கணினி அமைப்புகளில் மாற்றம் செய்யவும் சேமித்த கடவுச்சொற்களைப் பார்க்கவும் கடிகாரத்தின் வழியாக ஒப்புதல் தரலாம். அதற்குப் பக்கவாட்டுப் பொத்தானை இருமுறை அழுத்த வேண்டும். கடையில் பணம் செலுத்தவும் அதே இரட்டை அழுத்தம்தான். அதாவது அமைப்பை மாற்றுவதற்குப் பாட்டி சாவியைத் திருப்ப வேண்டும். வீட்டுக் கதவுக்கு, அதாவது கணினியைத் திறப்பதற்கு மட்டும், அவர் அருகில் இருந்தால் போதும். கதவுக்கும் அந்த இரட்டை அழுத்தத்தைக் கேட்கும் தெரிவை ஏன் வைக்கவில்லை என்பது எனக்கு நெடுநாளைய மனக்குறை.

அடுத்த தெரிவு, கைபேசி கடிகாரத்தைத் திறப்பது. காலையில் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஐபோனைத் திறந்தால் கடிகாரமும் சேர்ந்து திறந்துகொள்ளும். சிறிய திரையில் தடித்த விரலால் எண் அழுத்தும் அவதி இல்லை. தனியாகப் பார்த்தால் தீங்கற்றதாகத் தோன்றும் இந்த வசதியை, மேலே சொன்ன வசதியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கைபேசி கடிகாரத்தைத் திறக்கிறது, கடிகாரம் கணினியைத் திறக்கிறது. கணினிக்கு எழுத்தும் எண்ணும் குறியும் கலந்து பதினான்கு எழுத்தில் கடவுச்சொல் வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். கைபேசியின் ஆறு இலக்க எண்ணை அறிந்த ஒருவர், உங்கள் கைபேசியையும் கடிகாரத்தையும் எடுத்துக் கடிகாரத்தைத் தன் கையில் கட்டிக்கொண்டு கைபேசியைத் திறந்தால் கடிகாரம் திறக்கும். பின்னர் உறக்கத்தில் இருக்கும் கணினியும் திறக்கும். கடிகாரம் தேடுவது ஒரு மணிக்கட்டை. அது யாருடைய மணிக்கட்டு என்பது அதற்குத் தெரியாது. அந்த இணைப்பை நிறுத்தி வைத்தாலும் கடிகாரத்தின் எண் வழக்கமாக நான்கு இலக்கம், அதாவது பத்தாயிரம் சாத்தியங்கள். பதினான்கு எழுத்துக் கடவுச்சொல்லுக்கு மாற்றாக, நீங்கள் அறியாமலேயே, நான்கு இலக்கப் பின்வாசல் ஒன்று அமைந்துவிடுகிறது.

இதற்குத் தீர்வு எளிது, ஆனால் கொஞ்சம் எரிச்சலூட்டும். கடிகாரத்துக்கு நான்குக்கும் மேற்பட்ட இலக்கங்களில் எண் வைத்து, கைபேசி அதைத் திறக்கும் வசதியை அணைத்து, பத்து முறை தவறினால் தரவை அழிக்கும் தெரிவை இயக்கி வைக்க வேண்டும். காலையில் ஒரு முறை அந்த நீண்ட எண்ணை அழுத்தினால், கழற்றும்வரை மறுபடி கேட்காது. நாளெல்லாம் கணினியில் மிச்சமாகும் தட்டச்சுக்கு இந்த ஒரு முறை அழுத்தத்தை விலையாகக் கொடுப்பது நியாயமான பேரமே.

இனி மறுதிசை: கடிகாரம் கைபேசியைத் திறப்பது. ஆப்பிள் இதை 2021 ஏப்ரலில், ஐபோனின் இயங்குதளமான ஐ.ஓ.எஸ்.ஸின் 14.5 பதிப்பில் கொண்டுவந்ததற்குக் காரணம் கொரோனா. முகக்கவசம் அணிந்தவரின் முகத்தை அடையாளம் காண இயலாததால், மூக்கும் வாயும் மறைந்த ஒரு முகம் தெரிந்து, கடிகாரமும் அருகில் இருந்தால் திறக்கலாம் என்று வைத்தார்கள். கவசத்துக்குப் பின்னால் இருப்பது யார் என்று அது பார்க்கவில்லை. ஆகவே கவசம் அணிந்த எவரும், உரிமையாளர் இரண்டு மூன்று மீட்டருக்குள் இருக்கும்போது, அவருடைய கைபேசியைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துத் திறந்துவிட முடிந்தது. உரிமையாளரின் மணிக்கட்டு அதிரும், கடிகாரத் திரையில் உடனே பூட்டும் பொத்தான் தோன்றும். அதைக் கவனித்தால் தப்பித்தார். ஆப்பிள் நிறுவனத்தாரும் இதன் ஆபத்தை உணர்ந்தே வேலிகள் போட்டிருந்தார்கள். கடிகாரம் உறக்கப் பயன்முறையில் இருந்தால் திறக்காது. அண்மையில் கடிகாரமோ கைபேசியோ திறக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது கட்டியிருப்பவர் விழித்திருப்பதைக் காட்டும் அசைவு கடிகாரத்தில் பதிவாகியிருக்க வேண்டும். கடந்த ஆறரை மணி நேரத்துக்குள் கைபேசி ஒரு முறையாவது திறக்கப்பட்டிருக்க வேண்டும். இவ்வளவு நிபந்தனைகளை அடுக்க வேண்டி வந்ததே, அருகில் இருப்பது போதிய சான்றல்ல என்பதற்கான ஒப்புதல் வாக்குமூலம்தான். 2022 மார்ச்சில் வந்த 15.4 பதிப்பு, கண்ணைச் சுற்றிய பகுதியைக் கொண்டே முகத்தை அடையாளம் காணும் வசதியை ஐபோன் 12 முதலான கருவிகளுக்குத் தந்துவிட்டது. அத்தகைய கைபேசி வைத்திருப்பவருக்கு இந்தப் பழைய வசதியை இயக்கி வைப்பதில் எந்தப் பயனும் இல்லை.

ஆண்ட்ராய்டின் கதை இதைவிடச் சிக்கலானது. ஸ்மார்ட் லாக் என்று தொடங்கி இப்போது ‘எக்ஸ்டெண்ட் அன்லாக்’ (திறப்பை நீட்டித்தல்) என்று பெயர் மாறியிருக்கும் அந்த ஏற்பாட்டில் நம்பகமான சாதனம், நம்பகமான இடம், உடலோடு இருப்பதை உணர்தல் என்று சில வகைகள் உண்டு. தொடக்கத்தில் பூட்டிய கைபேசியையே இவை திறந்துவிடும். 2019இல் ஆண்ட்ராய்டு 10 வந்தபோது கூகுள் இதை மாற்றியது. இப்போது நீங்களாக ஒரு முறை திறந்த கைபேசியைத் திறந்த நிலையிலேயே, அதிகபட்சம் நான்கு மணி நேரம், நீட்டித்து வைக்க மட்டுமே இவற்றால் முடியும். பூட்டிவிட்டதைத் திறக்க முடியாது. பெயர் மாற்றம் அந்த உண்மையைத்தான் சொல்கிறது. இது சரியான திசையில் வைத்த அடி. ஆனாலும் தூரத்தின் சிக்கல் தீரவில்லை. புளூடூத் இணைப்பு 100 மீட்டர் வரை நீடிக்கலாம் என்று கூகுளின் உதவிப் பக்கமே எச்சரிக்கிறது. நம்பகமான இடத்தின் சுற்றளவோ உங்கள் வீட்டுச் சுவரோடு நிற்பதில்லை. நம் ஊர் அடுக்குமாடிக் குடியிருப்பில் எதிர் வீடும், மேல் மாடியும், கீழே வண்டி நிறுத்துமிடமும் அதே ‘இட’த்துக்குள் அடங்கிவிடும்.

எனக்கு இதில் மிகவும் தவறாகப் படுவது காதொலிப்பானை நம்பகமான சாதனமாகச் சேர்ப்பது. சென்னையில் 29சி பேருந்தில் நின்றுகொண்டு போகும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். கைபேசி தோள்பையில், பாட்டுக் கேட்டு முடித்த காதொலிப்பானும் அதே பையில், இணைப்பு அறாமல். பையைத் தூக்கிக்கொண்டு இறங்குபவன் பூட்டையும் சாவியையும் ஒரே மூட்டையாக எடுத்துச் செல்கிறான். சாவி என்பது பூட்டிலிருந்து பிரிந்து இருக்கும்வரைதான் சாவி. மணிக்கட்டில் கட்டிய கடிகாரத்துக்கும் பையில் கிடக்கும் காதொலிப்பானுக்கும் உள்ள வேறுபாடு விலையில் இல்லை. ஒன்று உடலிலிருந்து பிரிந்ததை உணர்ந்து பூட்டிக்கொள்கிறது, மற்றது யார் கையில் இருக்கிறது என்ற நினைவே இல்லாமல் இணைந்திருக்கிறது. உடலோடு இருப்பதை உணரும் வகையும் இப்படித்தான்: கைபேசி அசைந்துகொண்டே இருந்தால் திறந்தே இருக்கும், ஆனால் அசைப்பது யார் என்று அதற்குத் தெரியாது. பறித்துக்கொண்டு ஓடும் அசைவைக் கண்டறிந்து பூட்டும் தனி வசதி ஒன்றை 2024இல் கூகுள் தர வேண்டி வந்தது.

விண்டோஸின் ‘டைனமிக் லாக்’ இவற்றுள் மிகக் குறைவாகப் பேசப்படுவது. 2017 முதல் இருக்கிறது. கைபேசியைப் புளூடூத்தில் இணைத்துவிட்டால், நீங்கள் கைபேசியோடு எழுந்து போன சற்று நேரத்தில் கணினி பூட்டிக்கொள்ளும். திரும்பி வந்தால் திறக்காது; எண்ணோ கைரேகையோ முகமோ கேட்கும். இதே புளூடூத் அலைவலிமைதான், இதே ஏமாறக்கூடிய அளவீடுதான். இருந்தும் இதை நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். அளவீடு பிழைத்து வீணாகப் பூட்டினால் நட்டம் ஒரு முறை எண்ணை அழுத்தும் சிரமம் மட்டுமே. பூட்டாமல் விட்டால் இந்த வசதி இல்லாத நிலைக்குத்தான் திரும்புகிறோம். திறக்கும் வசதியில் அதே பிழை நேர்ந்தால் நட்டம் கணினியில் உள்ளது எல்லாம். இதன் குறை, நீங்கள் எழுந்து போனதற்கும் அது பூட்டுவதற்கும் நடுவே கழியும் நேரம். அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் உங்கள் பெயரில் எல்லாருக்கும் பிரியாணி வாங்கித் தருவதாக ஒரு மின்னஞ்சல் அனுப்ப அது தாராளமாகப் போதும். எனவே விண்டோஸ் பொத்தானோடு ‘எல்’ அழுத்தும் பழக்கத்தை இது மாற்றுவதில்லை. மறந்த நாளில் கைகொடுக்கிறது. கைபேசியை மேசையிலேயே வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறவருக்கு அதுவும் இல்லை.

எந்தச் சாதனமும் எதையும் திறக்க வேண்டாம், கைரேகை போதும் என்பது கடைசித் தெரிவு. வேறொருவரின் விரல் தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு 50,000இல் ஒன்று என்றும், முகத்துக்குப் பத்து லட்சத்தில் ஒன்று என்றும் ஆப்பிள் கூறுகிறது. எண்ணிக்கையைவிட முக்கியமானது, விரலை வைப்பதே ஒரு செயல். விருப்பமும் சான்றும் ஒரே தொடுதலில் வந்துவிடுகின்றன. விசைப்பலகையிலேயே கைரேகை உணரி உள்ள மடிக்கணினி வைத்திருப்பவருக்குக் கடிகாரம் மிச்சப்படுத்துவது ஒரு நொடிதான். மாறாக, மடிக்கணினியை மூடி வைத்துப் பெரிய திரையோடும் உணரி இல்லாத விசைப்பலகையோடும் இணைத்து வேலை செய்பவருக்கு, ஒவ்வொரு முறையும் பதினான்கு எழுத்தைத் தட்டச்சு செய்வதிலிருந்து கடிகாரம் விடுதலை தருகிறது. கைரேகை எல்லாருக்கும் உதவுவதுமில்லை. பாத்திரம் துலக்கிய ஈரக்கை, சிமெண்டில் வேலை செய்து தேய்ந்த விரல், வயதேறி வரிகள் மங்கிய விரல் ஆகியவற்றை உணரி மறுத்துவிடும். நடுங்கும் கையோடு எண்ணை அழுத்த முடியாத முதியவர் பூட்டே வேண்டாம் என்று கழற்றிவிடுவதைவிட, அவருக்குக் கடிகாரத் திறப்பு பன்மடங்கு மேல்.

ஒப்பிட்டு நான் வரும் முடிவில் கைபேசிக்கு மட்டும் தனி நீதி. இந்தியாவில் வாழ்பவரின் கைபேசியில் வங்கியின் ஓ.டி.பி. வருகிறது, மின்னஞ்சல் திறந்தே இருக்கிறது, மற்ற எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் மீட்டமைக்கும் வழி அங்கிருந்துதான் போகிறது. யு.பி.ஐ. பரிவர்த்தனைக்குத் தனி எண் உண்டு என்பது ஆறுதல்தான், ஆனால் ஓ.டி.பி.யும் மின்னஞ்சலும் சேர்ந்து வாய்த்தவனுக்கு வேறு பல கதவுகள் இருக்கின்றன. மதுக்கூடங்களில் எண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டு ஐபோனைத் திருடும் கும்பல்களைப் பற்றி வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2023இல் எழுதிய பின்னர், 2024 ஜனவரியில் ஆப்பிள் திருட்டுப் பாதுகாப்பு அமைப்பைக் கொண்டுவந்தது. பழகிய இடத்துக்கு வெளியே முக்கிய மாற்றங்களுக்கு முகமோ கைரேகையோ கட்டாயம். கணக்கின் கடவுச்சொல்லை மாற்ற ஒரு மணி நேரம் காத்திருக்கவும் வேண்டும். கைபேசி இவ்வளவு காக்கப்பட வேண்டிய வேராக இருக்கும்போது, அதைத் திறக்கும் அதிகாரத்தை அதைவிட எளிய ஒரு பொருளிடம் ஒப்படைப்பது தலைகீழ் ஏற்பாடு. கைபேசியை உங்கள் முகமோ விரலோ எண்ணோ மட்டுமே திறக்கட்டும்.

கணினியைக் கடிகாரம் திறக்கலாம், கடிகாரத்துக்கு நீண்ட எண் இருந்தால். அப்போதும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஐபோனுக்கு வரும் குறுஞ்செய்திகள் மேக்கிலும் தெரியும்படி வைத்திருந்தால், வங்கியின் ஓ.டி.பி. கணினித் திரையின் ஓரத்தில் வந்து நிற்கும். கணினி தானாகத் திறந்துகொள்ளும் வீட்டில் அந்த அனுப்புகையை நிறுத்திவிடுவது நல்லது. விடுதி அறையில் நால்வரோடு தங்கியிருப்பவரும், வாடிக்கையாளர் தரவைக் கையாளும் வேலையில் இருப்பவரும் இந்த வசதியையே தவிர்த்துவிடலாம். அவர்களைப் பொறுத்தவரை மூன்று மீட்டருக்குள் எப்போதும் யாராவது இருக்கிறார்கள். விண்டோஸ்காரர்கள் தானியங்கிப் பூட்டை இயக்கிக்கொள்ளட்டும். ஆண்ட்ராய்டில் நம்பகமான சாதனமாகக் கடிகாரம் ஒன்றை வைத்துக்கொள்வதைக்கூட நான் தயக்கத்தோடுதான் ஏற்பேன். மற்றவற்றை நீக்கிவிட வேண்டும்.

இதை எழுதுவதற்காக என் பழைய ஆண்ட்ராய்டு கைபேசியில் நம்பகமான சாதனங்களின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். மூன்று பெயர்கள் இருந்தன. ஒன்று உடைந்துபோன காதொலிப்பான். இன்னொன்று விற்றுவிட்ட காரின் ஒலியமைப்பு. மூன்றாவது, இரண்டு ஆண்டுகளுக்கு முன் அக்கா மகன் கல்லூரி விடுதிக்குப் போனபோது அவனிடம் கொடுத்தனுப்பிய சிறிய ஒலிபெருக்கி. விடுமுறைக்கு அவன் வீட்டுக்கு வந்து அதில் பாட்டுப் போட்ட நாட்களில், கூடத்தில் கிடந்த என் கைபேசி எத்தனை மணி நேரம் பூட்டாமல் கிடந்ததோ.